தண்ணீர் மட்டும் போதுமா?

பாலக்காட்டு எல்லை ஊர்கள், மூணாறு, செங்கோட்டை, குமுளி, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டி வாழும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இங்கே.

என் வீட்டுக்காரர் தென்னை ஏறுகிறவர். பங்குனி, சித்திரையில் ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். அப்படியும் சாயங்காலம் தலைவலி. ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. இன்னும் நிறையக் குடிக்கச் சொல்லலாமா?
– வாசகி, கோவிந்தாபுரம்

வேண்டாம் அம்மா. குறைவது தண்ணீராக இருக்க வாய்ப்பில்லை. உப்பாக இருக்கலாம்.

60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 24 லிட்டர் செல்களுக்கு உள்ளே. மீதி 12 லிட்டர் செல்களுக்கு வெளியே. அந்த வெளி நீரிலும் ரத்தக் குழாய்களுக்குள் ஓடுவது 3 லிட்டர் அளவுதான். இந்த வெளி நீரைப் பிடித்து வைத்திருப்பது சோடியம், அதாவது நாம் உண்ணும் உப்பு. உப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் தண்ணீரும் நிற்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காய்ந்த காற்று வீசி, வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் மரம் ஏறி இறங்குபவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து 1 முதல் 5 கிராம் வரை உப்பு இருக்கும். பனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அவர் உப்பை அதிகமாக இழக்கிற உடம்புக்காரர்.

இப்படி இரண்டும் போன பிறகு வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தம் நீர்த்துப்போகும். உடனே மூளை தாகத்தை நிறுத்திவிடும். சிறுநீரகம் அந்த நீரை வெளுப்பாக வெளியே தள்ளிவிடும். குடித்தது தங்காது. அதற்கு மேலும் வற்புறுத்திக் குடித்தால் சோடியம் இன்னும் இறங்கும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் அப்போது வருபவைதான். "தலை வலிக்கிறதா, தண்ணி குடி" என்று ஊரே சொல்லும். இந்த இடத்தில் அது தவறான யோசனை.

மரத்தடிக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் நீராகாரம் உப்புப் போட்டுக் குடிக்கட்டும். வேலையின்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கும்வரை காத்திருந்து ஒரு செம்பு மொத்தமாகக் குடிப்பதைவிட இதுவே உடம்பில் தங்கும். எப்படியானாலும் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அந்த டம்ளர்களில் பாதி சம்பாரமாக இருந்தால் மிக நல்லது. ஒரு டம்ளர் புளித்த தயிருக்கு நாலு டம்ளர் தண்ணீர், தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் ஒன்று, சின்ன வெங்காயம் நாலு, கறிவேப்பிலை அல்லது நாரத்தை இலை. கடைந்து வெண்ணெய் எடுத்த மோரானால் வயிறு கனக்காது.

குடிப்பது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கொப்பரைக் களத்திலோ ரேஷன் கடையிலோ உள்ள தராசில், வேலைக்கு முன்னும் பின்னும் ஈரத் துணியைக் கழற்றிவிட்டு எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் கடன். அதைச் சாயங்காலத்துக்குள் ரசம், கஞ்சி, சாப்பாட்டோடு சேர்த்து அடைக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடிக்கிறார் என்று பொருள்.

வேலை முடிந்து கள்ளுக்கடைக்குப் போகும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். உடம்பில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. குடித்த நீர் தங்காமல் வெளியேறும்.

கெண்டைக்கால் பிடிப்புக்குத் தசைச் சோர்வும் ஒரு காரணம். உப்பைச் சரிசெய்தும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரென்றால் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டவேண்டாம். வெயிலில் பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் உளறினால், தொட்டால் உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெப்பவாதம். நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான அமிலம் நீர்த்துவிடும் என்கிறார்களே? தினமும் எட்டு டம்ளர் கட்டாயமா?
– வாசகர், வேலந்தாவளம்

நீர்த்துவிடாது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று நம் உடம்பே தினமும் 7 லிட்டர் அளவுக்குச் செரிமானக் குழாயில் சுரந்து, திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் போவது 100, 200 மில்லிதான். அந்த வெள்ளத்தில் ஒரு டம்ளர் எம்மாத்திரம்? தேவைப்பட்டால் குடியுங்கள்.

எட்டு டம்ளர் கணக்குக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் சொன்ன இரண்டரை லிட்டர். அதே குறிப்பிலேயே, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. அந்த வரி மட்டும் காணாமல் போய்விட்டது. சோற்றில் 70 விழுக்காடு நீர், வெள்ளரியில் 95, தர்ப்பூசணியில் 92. உணவு எரியும்போது உடம்புக்குள்ளேயே 300 மில்லி அளவுக்கு நீர் உண்டாகிறது. கஞ்சி, குழம்பு, ரசம் என்று சாப்பிடுபவருக்கும் புரோட்டா, மிக்சர் என்று சாப்பிடுபவருக்கும் ஒரே டம்ளர் கணக்கு எப்படிப் பொருந்தும்? காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத் தவிர மற்ற நேரங்களில் சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் மட்டும் இந்த நிறக் கணக்கு பொய்த்துவிடும்.

புனலூர்ப் பக்கம் ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக வெந்நீர் தருகிறார்கள். பதிமுகம் போட்டதாம். நாங்களும் வாங்கி வந்து போடுகிறோம். உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா?
– வாசகி, செங்கோட்டை

நல்லதுதான். ஆனால் அந்த நன்மை கொதிக்கவைத்ததால் வருகிறது. மரச்சீவலுக்கு அதில் பெரிய பங்கில்லை. பதிமுகம் என்பது சப்பங்க மரத்தின் உள்வைரம். அதன் சாயம் தண்ணீரில் இறங்கி நிறம் தருகிறது. மலையாளிகள் வீட்டில் சீரகமோ கருங்காலியோ பதிமுகமோ போட்டு வெந்நீர் வைக்கும் வழக்கம் கேரளத்தின் மிகச் சிறந்த சுகாதாரப் பழக்கங்களில் ஒன்று என்பது எங்கள் எண்ணம். நிறமும் மணமும் "இது கொதித்த தண்ணீர்" என்பதற்கு ஓர் அடையாளம்.

அடையாளம் பொய் சொல்வதும் உண்டு. கூட்ட நேரத்தில் ஆவி பறக்கும் செம்மண் நிற வெந்நீரில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து, இதமான சூட்டில் மேஜைக்கு அனுப்புகிறார்கள். நிறம் அப்படியே இருக்கும், கிருமியும் இருக்கும். மஞ்சள்காமாலை வைரஸான ஹெபடைடிஸ் ஏ அந்த வெதுவெதுப்பில் சாகாது. காமாலை பரவும்போதெல்லாம் கேரள சுகாதாரத் துறை முதலில் எச்சரிப்பது இந்தக் கலப்பைத்தான்.

வீட்டில் செய்யும்போது தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு முழு நிமிடம் விடுங்கள். பத்து நிமிடம் கொதிக்கவிடுவது காஸுக்குத்தான் கேடு. இரண்டு லிட்டருக்கு ஒரு சிட்டிகைச் சீவல் போதும். கறுத்துச் சிவக்கும்வரை போட்டால் துவர்க்கும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். கையில் பிடித்த டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல், கைப்பிடி உள்ள கரண்டியால் எடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றுவதானால் அந்தக் குடத்தையும் வெந்நீரில் அலசவேண்டும். ஒரு நாளைக்கு வைத்தது அடுத்த நாளைக்கு வேண்டாம்.

எங்கள் ஊர் போர் தண்ணீர். பையன் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது, ஃபுளோரைடு என்கிறார்கள். நாங்கள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். டி.டி.எஸ். மீட்டரில் 400தான் காட்டியது.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ஐயா, இரண்டுமே உங்களுக்குத் துணை வராது. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. ஆவியாகிக் குறைந்த தண்ணீரில் அதே ஃபுளோரைடு இன்னும் செறிவாகிவிடும். டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத்தான் சொல்லும். 400-க்குள் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு ஒளிந்திருந்தால் அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இந்த வரம்பைத் தாண்டிய கிணறுகள் இருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. பாறையிலிருந்து கரைந்து வருவதால் ஆழம் போகப் போகத் தொல்லை கூடவும் செய்யும்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசிப் பிடித்துக்கொண்டு கேரள வாட்டர் அத்தாரிட்டி ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு என்று தனியாக எழுதிக் கேட்கவேண்டும். அதிகமென்று வந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாய்த் தண்ணீரோ மழைநீரோ ஆர்.ஓ. நீரோ வேண்டும். குளிக்க, துவைக்க போர் நீரே போதும், தோல் வழியாக அது ஏறாது. சமையலை மறந்துவிடுகிறவர்கள் பலர். குடிப்பது கேன் தண்ணீர், சோறும் சாம்பாரும் கஞ்சியும் போர் தண்ணீர் என்றால் பாதிக் கேடு அப்படியே உள்ளே போகிறது. ஆர்.ஓ. கழித்துவிடும் நீரில் ஃபுளோரைடு இன்னும் அதிகம். பாத்திரம் கழுவலாம், மாட்டுக்கு வைக்காதீர்கள்.

பல் உருவாகும் எட்டு வயதுவரைதான் கோடு விழும். விழுந்தது தானாக மறையாது, பல் மருத்துவர் மேற்பூச்சில் மறைக்கலாம். நாங்கள் கவலைப்படுவது எலும்பைப் பற்றி. பால், ராகி, கீரை என்று கால்சியம் உணவோடு சேர்ந்தால் ஃபுளோரைடு உறிஞ்சப்படுவது குறையும். பிள்ளைகளுக்குக் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம். தேயிலையே ஃபுளோரைடைச் சேர்த்துவைக்கும் செடி.

கொழுந்து எடுக்கப் போகிற மலையில் கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் ஒரு கட்டன் குடித்தால் மத்தியானம்வரை தண்ணீரைத் தொடமாட்டோம். குளிரில் தாகமும் எடுக்காது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, மூணாறு

சொன்னதற்கு நன்றி அம்மா. மலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் பலருடைய துன்பம் இது.

குளிர் தாகத்தை அமுக்கிவிடும், செலவை நிறுத்தாது. மேட்டில் கூடையோடு ஏறும்போது மூச்சில் ஆவியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வதால் உள்ளே வியர்க்கவும் செய்யும். ஆசனவாய்ப் பக்கத்துக் கிருமிகள் பெண்களுக்கு எளிதாகச் சிறுநீர்ப் பைக்குள் ஏறிவிடும், பாதை அவ்வளவு குட்டையானது. அவற்றைக் கழுவித் தள்ளுவது சிறுநீர்தான். ஆறேழு மணி நேரம் அடக்கிவைத்தால் கிருமி பெருகுவதற்கு நாமே பாத்தி கட்டிக் கொடுத்ததாகிவிடும். தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து அடிக்கடி நீர்க்கடுப்பால் அவதிப்பட்ட 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. அவர்களில் பாதிப் பேர் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்கு நோய் வந்த தடவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எழுந்ததும் அரை லிட்டர் வெதுவெதுப்பான நீர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் அதில் ஒரு பகுதி சிறுநீராக இறங்கிவிடும். தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து கிளம்பும்முன் போய்விட்டு வரலாம். மலையில் ஒரு மணிக்கு ஒரு தரம் நாலு மடக்கு போதும். மத்தியானச் சாப்பாட்டோடு அரை லிட்டர், வீடு திரும்பியதும் அரை லிட்டர். கட்டனும் நீர்க் கணக்கில் சேரும். ஆனால் சோறு உண்ட கையோடு குடித்தால் கீரை, பயறிலுள்ள இரும்புச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாக.

குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், பார்லித் தண்ணீரை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருந்தை முழுவதும் சாப்பிடவேண்டும்.

தோட்டத்தில் குடிநீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் தரவேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த நிபந்தனை. உங்கள் சங்கத்தில் இதைக் கூச்சப்படாமல் எழுதிக் கொடுங்கள். நோய்க்குக் காரணம் உங்கள் உடம்பில் இல்லை.

அப்பாவுக்கு 74 வயது, இதயம் பலவீனம், நீர் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார். கைப்பேசியில் நாலு லிட்டர் குடித்தால் எல்லாம் சரியாகும் என்று பார்த்துவிட்டு எங்களோடு சண்டை போடுகிறார்.
– வாசகர், களியக்காவிளை

டாக்டர் சொன்னதே சரி. பலவீனமான இதயத்தால் கூடுதல் நீரைத் தள்ள முடியாது. அது காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் நிற்கும். நீர் மாத்திரையோடு நாலு லிட்டர் சேர்ந்தால் சோடியம் இறங்கி, திடீரென்று குழப்பமோ தூக்கமோ தடுமாறி விழுவதோ நேரலாம்.

காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி அப்பா கையில் கொடுங்கள். சாயா, ரசம், மோர், கஞ்சித் தெளிவு எது சாப்பிட்டாலும் அதே அளவை அந்தப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடவேண்டும். மிச்சம்தான் குடிக்க. கண்ணால் பார்த்தால் சண்டை குறையும். நாக்கு வறண்டால் ஒரு துண்டு எலுமிச்சை, அல்லது பனிக்கட்டி ஒன்று. கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் நிறுத்தினால் தாகமே பாதியாகும். தினமும் காலைக்கடன் முடித்ததும் எடை எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். பொட்டாசியம் நிறைந்த இளநீரையும், சோடியம் குறைத்த மாற்று உப்பையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நேற்றிலிருந்து ஆறு தடவை பேதி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலக்கிக் கொடுத்தேன். குடிக்கக் குடிக்க அதிகமாகப் போகிறது. பால் கொடுக்கலாமா?
– வாசகி, குமுளி

இந்தக் கடிதத்துக்கு உடனே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டோம். மற்ற தாய்மார்களுக்காக இங்கே விரிவாக.

கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கியதில்தான் பிழை. பாக்கெட்டில் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்காது. அரை டம்ளருக்குக் கால் பாக்கெட் என்று கொட்டினால் கரைசல் கெட்டியாகிவிடும். கெட்டியான கரைசல் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். நீர்த்தால் உப்புப் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, ஆக மொத்தம் 20.5 கிராம். கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் பழச்சாறு போன்ற இனிப்புப் பானத்தை எடுத்துத் தருவதும் நடக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீர், 200 மில்லி பாக்கெட் என்றால் 200 மில்லி. முழுப் பாக்கெட்டும் ஒரே தடவையில். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சர்க்கரை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பேதியில் குடல் சுவர் தனி உப்பை உள்ளே விடத் தயங்கும். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் ஒரே வாசல் வழியாக இரண்டையும் உள்ளே எடுத்துக்கொள்ளும். தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். 1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, பங்கான் முகாமில் நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலாநபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

பாக்கெட் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பானால் பொடித்து அளக்கவேண்டும். நாக்கில் விட்டுப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். பால், தாய்ப்பால், குழைந்த கஞ்சி எதையும் நிறுத்தவேண்டாம். பட்டினி போட்டால் குடல் ஆற நாளாகும். இந்தக் குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் தினமும் ஒன்று, பேதி நின்றாலும் 14 நாள்வரை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் 10 மில்லிகிராம், தாய்ப்பாலோடு ஓ.ஆர்.எஸ். தரலாம், வெறும் தண்ணீர் கூடாது.

பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு நீர். இந்த வயதிலும், எடையோடு ஒப்பிட்டால், தினமும் உள்ளே வந்து வெளியே போகும் நீர் பெரியவர்களைவிட அதிகம். அதனால்தான் சில மணி நேரத்தில் வாடிவிடுகிறது. கண் குழி விழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் உடனே படியாமல் மடிப்பு நின்றால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்கவும் முடியாமல் துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். மலை இறங்கிக் கம்பம் போவதோ அந்தப் பக்கம் கட்டப்பனை போவதோ, எது சீக்கிரமோ அது. போகும் வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.